இருந்து வாசித்தலும் நின்று வாசித்தலும்: வாத்தியக் கலையில் உடலும் வெளிப்பாடும் பற்றிய சில குறிப்புகள்

புறக்கோட்டைச் செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்டுக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டியை நோக்கிச் செல்லும் ஆடிவேல் இரதபவனி, கொழும்புவாழ் தமிழரின் பொதுவாழ்வில் முக்கிய இடம்பெறும் நிகழ்ச்சிகளுள் ஒன்று. 1983 யூலை வன்செயலின் பின் சில ஆண்டுகள் தடைப்பட்டு, மீண்டும் நடைபெறத் தொடங்கிய விழா அது. இத்தகைய பவனிகளில் இரதத்தின் முன்னே நாதஸ்வர, தவிற் கலைஞர் மணிக்கணக்காக நடந்துகொண்டே வாசித்துச் செல்வர். அதே கலைஞருட் சிலரைப் பிறிதொரு நாளில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள திருமண மண்டபமொன்றில், மணவறைக்கு அருகே விரித்த சமுக்காளத்தில் அமர்ந்திருக்கக் காணலாம். இன்னொரு நாள் இசைச்சபையின் மேடையில், ஒலிவாங்கிக்கு முன்னால், தம்பூராச் சுருதியோடு அவர்களே அமர்ந்திருப்பர். கலைஞர் ஒருவரே, வாத்தியமும் ஒன்றே, இராகமும் ஒன்றாகவே இருத்தல் கூடும். ஆயினும் மூன்றிடத்தும் பிறக்கும் இசை ஒன்றன்று.

இவ்வேறுபாட்டுக்கு எமது இரசிகரிடையே வழங்கும் விளக்கம் மிக எளியது. வீதியில் வாசிப்பது ஓசை, மேடையில் வாசிப்பது கலை என்பர். நிற்பவனுக்கு ஆழம் வாராது, இருப்பவனுக்கே நிதானம் வாய்க்கும் என்றும் கூறுவர். இக்கூற்று பார்வைக்கு உடலியல் உண்மைபோலத் தோன்றினும், அதனுள்ளே ஒரு சமூகத் தீர்ப்பு மறைந்துள்ளது என்பதே எமது கருத்து. ஈண்டு நாம் எடுத்துக்கொள்ளும் வினா, வாத்தியத்தைக் கலைஞர் தம் உடலோடு எவ்வாறு சேர்த்துப் பிடிக்கிறார், எங்கே இருக்கிறார் அல்லது நிற்கிறார் என்பதற்கும் அவ்விசையின் வெளிப்பாட்டுத் தன்மைக்கும் உள்ள தொடர்பு யாது என்பதாகும்.

இவ்வினாவை எமது முற்போக்கு விமரிசனம் பெரும்பாலும் எழுப்பவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். இசை பற்றி எழுதப் புகுந்தபோதெல்லாம் நாம் பாடலின் சொல்லையே வாசித்தோம். பாட்டு யாரைப் பற்றியது, எம்மொழியில் அமைந்தது, பக்தியா எதிர்ப்பா என்று கேட்டோம். தமிழிசை இயக்கத்தை மதிப்பிட்டபோதும் மொழிப் பிரச்சினையே எமது கண்ணில் முதலிற் பட்டது. சொல்லில்லாத வாத்திய இசை எமது ஆய்வுக்கருவிகளுக்குள் அகப்படவில்லை. உழைப்பைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், இசைக்கலைஞரின் உழைக்கும் உடலை மறந்துவிட்டோம் என்பது சற்று வேடிக்கையானதே.

இத்தனைக்கும் வழிகாட்டல் இல்லாமலில்லை. மனிதக் குரங்கிலிருந்து மனிதன் உருவானதில் உழைப்பு வகித்த பங்கினைப் பற்றி ஏங்கெல்ஸ் 1876இல் எழுதி முற்றுப்பெறாமல் விட்ட கட்டுரையில், கை உழைப்புக்கான உறுப்பு மட்டுமன்று, உழைப்பினால் ஆக்கப்பட்ட பொருளும் அதுவே என்று காட்டுகிறார். அவ்வளர்ச்சியின் உச்சிக்கு அவர் தரும் சான்றுகளுள் ஒன்று பகனினியின் இசை. பகனினி வயலின் மேதை என்பது யாவரும் அறிந்தது. அவர் கிற்றார் வாசிப்பிலும் வல்லவராய் அவ்வாத்தியத்துக்கெனப் பல ஆக்கங்களைச் செய்தவர் என்பது எம்மவரிடையே அதிகம் அறியப்படாதது. நடத்தல், நீந்தல், அமர்தல் முதலிய உடற்செயல்கள் யாவும் ஒவ்வொரு சமுதாயமும் தன் மக்களுக்குப் பயிற்றும் நுட்பங்களே என்று பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1934இல் ஆற்றிய உரையொன்றில் விளக்கினார். இவ்விரு நோக்குகளையும் இணைத்துக்கொண்டால், வாசிப்பு நிலை என்பது இயற்கை வகுத்த விதியன்று, வரலாறு உடலில் இட்ட தழும்பு என்பது புலப்படும்.

கிற்றாரையே முதலில் நோக்குவோம். மேலைச் செந்நெறிக் கிற்றார் கற்கும் மாணவர் பொதுவாக முதலிற் பயில்வது சுரமன்று, இருக்கை. கையில்லாத கதிரையின் விளிம்பில் அமர்ந்து, இடது பாதத்தைச் சிறு மணைமீது உயர்த்தி, வாத்தியத்தின் இடுப்புப் பகுதியை இடது தொடையில் ஏற்றி, அதன் கழுத்து மேல்நோக்கிச் சரிந்திருக்குமாறு பிடிக்கவேண்டும். இடக்கைப் பெருவிரல் கழுத்தின் பின்புறம் நிற்க, ஏனைய நான்கு விரல்களும் வளைந்து நரம்பின்மேல் இறங்கும். வலது முன்கை வாத்தியத்தின் மேல்விளிம்பில் ஓய்வாகக் கிடக்கும். இதனாற் பெறப்படும் பயன்கள் உண்மையானவை. வலக்கை வாத்தியத்தைத் தாங்கும் பொறுப்பினின்று நீங்குவதால், தாங்குமரத்தின் அருகே மீட்டிக் கூரிய உலோகத்தன்மையான ஒலியையும், ஒலித்துளையின் மேல் மீட்டிக் கனிந்த ஒலியையும் பெற அது தடையின்றி நகர்கிறது. நான்கு விரல்களும் ஒரேவேளையில் வெவ்வேறு நரம்புகளிற் செயற்படுவதால், பல குரல்களை ஒருங்கு நிகழ்த்தும் மேலை இசையமைப்பு ஒரே வாத்தியத்திற் சாத்தியமாகிறது.

ஆயினும் இந்நிலை ஆதியிலிருந்து வருவதன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெர்னாண்டோ சோர் வாத்தியத்தை மேசையின் விளிம்பிற் சார்த்திப் பிடிக்கப் பரிந்துரைத்தார். அவரது சமகாலத்தவரான டியோனிசியோ அகுவாதோ, வாத்தியத்தின் முதுகு வாசிப்பவரின் உடலிற் பட்டால் ஒலி அமுங்கும் என்று கருதி, அதனைத் தாங்குதற்கென மூன்று காற் கருவியொன்றையே அமைத்தார். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தோனியோ தெ தோரெஸ் என்னும் கைவினைஞர் கிற்றாரின் உடலைப் பெரிதாக்கினார். பிரான்சிஸ்கோ தாரெகா (1852-1909) அப்பெரிய வாத்தியத்துக்கு இசைவான இருக்கையை நிலைபெறச் செய்தார். உற்பத்திக் கருவி மாறியபோது உழைக்கும் உடலின் நிலையும் மாறிற்று என இதனைக் கூறலாம். பின்னர் அந்திரே செகோவியா (1893-1987) அவ்விருக்கையை உலகெங்கணும் கச்சேரி மண்டபங்களுக்கு எடுத்துச் சென்றார்.

செகோவியா செய்ததன் சமூக உள்ளடக்கம் கவனிக்கத்தக்கது. மதுச்சாலையிலும் தெருவிலும் அந்தலூசிய ஏழைகளிடமும் ஜிப்சிகளிடமும் வழங்கிய வாத்தியத்தை அங்கிருந்து மீட்பதே தம் பணியென அவர் கருதினார். கால்மணை அம்மீட்பின் புலப்படும் அடையாளமாயிற்று. பிளமென்கோக் கலைஞர் மரபாகக் கிற்றாரை வலது தொடையில் நிறுத்தி, பாடுபவரையும் ஆடுபவரையும் பார்த்தவாறே வாசித்தனர். மணையில் கால்வைத்தவரோ எவரையும் பார்க்கத் தேவையற்றவர்; அவர் தம் இடக்கை விரல்களையே பார்க்கிறார். சபையும் அவரை மட்டுமே பார்க்கிறது. நிசப்தமான மண்டபம், கட்டணஞ் செலுத்திய கேட்போர், தனியொருவராக அமர்ந்த கலைஞர் ஆகிய முதலாளித்துவக் கச்சேரியின் உறவுகள் அவ்விருக்கையுள் அடங்கியுள்ளன. பிற்காலத்தில் பாக்கோ தெ லூசியா (1947-2014) கால்மேற் கால்போட்டு வாத்தியத்தைக் கிடையாக வைத்து வாசித்து, மண்டபங்களை வேறு வழியால் நிரப்பியமையும் நினைவுகூரத்தக்கது. இன்று செந்நெறிக் கிற்றார் வாசிப்போர் பலர், கால்மணை இடுப்பையும் முதுகையும் வருத்துகிறதெனக் கண்டு, வாத்தியத்திற் பொருத்தும் தாங்கிகளை உபயோகித்து இரு பாதங்களையும் நிலத்தில் ஊன்றுகின்றனர். இயற்கை விதியெனப் போதிக்கப்பட்டதன் ஆயுள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டே.

தமிழர் இசையில் இதற்கு மிக நெருங்கிய உதாரணம் வயலின். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் இவ்வாத்தியத்தைக் கருநாடக இசைக்கு உரியதாக்கிய முன்னோடிகளாகக் கொள்ளப்படுகின்றனர். மேற்கே அது தோளுக்கும் மோவாய்க்கும் இடையே பிடிக்கப்படுகிறது. அங்கும் அது நிலையான வழக்கமன்று. மோவாய்த் தாங்கி என்ற உறுப்பு 1820 அளவிலேயே லூயி ஸ்போரினாற் புகுத்தப்பட்டது. எமது வயலின் கலைஞரோ நிலத்தில் அமர்ந்து, வலது காலை முன்னே நீட்டி, வாத்தியத்தின் சுருண்ட தலையைக் கணுக்காலருகிலும் அதன் அடிப்பாகத்தை மார்பின் இடப்புறத்திலும் பதிக்கிறார். தந்திகளின் சுருதியும் ச-ப-ச-ப என மாற்றப்படுகிறது.

இம்மாற்றத்தின் விளைவினைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். வாத்தியம் பாதத்திலும் மார்பிலும் ஊன்றியதும் இடக்கை அதனைத் தாங்கும் வேலையிலிருந்து முற்றாக விடுபடுகிறது. மேலை வயலினில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கை பெயர்வது தனியே பயிலவேண்டிய ஒரு நுட்பம். இங்கோ ஒரு விரலே தந்தியின் நீளம் முழுவதும் வழுக்கிச் சென்று மீளவியலும். சுரத்துக்கும் சுரத்துக்கும் இடைப்பட்ட வெளியே இசையின் உயிரிடமாகிறது. கமகம் என்று நாம் போற்றுவது காதில் மட்டும் விளைந்ததன்று, நீட்டிய வலது காலிலும் விளைந்தது என்றால் அது மிகையாகாது. தோடியின் காந்தாரத்தை வயலின் அசைத்துக் காட்டும்போது, அவ்வசைவுக்குப் பின்னால் ஓர் இருக்கையின் வரலாறு உள்ளது.

ஆனால் ஏன் நிலம்? பாடகர் நிலத்தில் இருந்தார் என்பதே விடை. அரண்மனையின் விரிப்பிலும் அக்கிரகார வீட்டின் பாயிலும் பாடகர் அமர்ந்திருக்க, துணைவாத்தியம் நின்றுகொண்டிருத்தல் பொருந்தாது. அவரின் பக்கத்தில், அவரது குரலின் நிழலாக அது அமர்ந்தது. மேற்கே மண்டபத்தின் நடுவே தனித்து நின்று ஆட்சிசெய்த வாத்தியம் இங்கே குரலுக்குக் கீழ்ப்பட்டதாக, வில்லின் வன்மையைவிட இடக்கையின் நெகிழ்ச்சி கற்பித்தலில் முதன்மை பெற்றது. வெளிப்பாட்டின் பெருஞ்செல்வமும் சமூகக் கீழ்ப்படிவும் ஒரே இருக்கையிற் பிறந்தன என்பது இயங்கியல் நோக்கில் வியப்பிற்குரியதன்று. வீணையின் இருக்கை இதனினும் அடக்கமானது. குடத்தை நிலத்திற் கிடத்தி, சுரைக்காயை இடது தொடையிற் சார்த்தி மீட்டும் அதன் மென்மையான ஒலி வீட்டின் உள்ளறையைத் தாண்டுவதில்லை. நடுத்தர வர்க்கக் குடும்பங்கள் பெண்பிள்ளைக்கு வீணையை விரும்பியதற்கு அவ்வொலியின் அடக்கமும் ஒரு காரணமாயிருத்தல் கூடும். வெள்ளவத்தை மாடிக் குடியிருப்புகளில் மாலைவேளைகளில் நடைபெறும் வகுப்புகளை அறிந்தோர்க்கு இது புதிதன்று.

பழந்தமிழ் இலக்கியத்திலும் ஒரு சான்றுண்டு. பெரும்பாணாற்றுப்படை காட்டும் பாணன் யாழை இடப்பக்கத்தே தழுவிக்கொண்டு வழிநடப்பவன். நிலையான இருக்கை பெறாதவனின் வாத்தியம் அவன் உடலோடு ஒட்டிச் செல்லுமளவில் இருந்திருத்தல் வேண்டும். சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளியிட்ட யாழ் நூல் நரம்புகளின் அளவையும் சுருதிக் கணிதத்தையும் ஆராய்ந்து தமிழாய்வுக்குப் புதுவழி திறந்தது. அவ்வாய்வைத் தொடர்வோர் யாழைத் தழுவிய அந்தக் கையையும் ஆராய்தல் வேண்டும்.

இனி நாதஸ்வரத்துக்கு வருவோம். இங்கேயே பிரச்சினை கூர்மையடைகிறது. ஆச்சா மரக் குழலும், நாணலாற் செய்த சீவாளியும், அடியிலே அணசும் கொண்ட இவ்வாத்தியம் திறந்தவெளிக்கென அமைந்தது. அதன் துணையான தவில் பலாமரத்தாலான கனத்த உடலையுடையது. தோளில் நாடாவால் தொங்கவிட்டு, ஒரு கையில் கழியும் மறுகை விரல்களிற் கூடுகளும் கொண்டு முழக்கப்படுவது. சுவாமி வீதியுலா வருகையில் அதன்முன் நின்றும் நடந்தும் வாசித்தல் கலைஞரின் கடமையாயிருந்தது. நிற்றல் தெய்வத்துக்குச் செலுத்தும் மரியாதை எனப்பட்டது. ஆனால் கோயிலின் உரிமையாளருக்கும் உபயகாரருக்கும் முன்னாலும் அவர் நின்றார். தமிழகத்தில் துண்டினைத் தோளிலிடாது இடுப்பிற் கட்டவேண்டும் என்ற வழக்கும் இருந்தது. சுயமரியாதை இயக்கத்தவர் அதனை ஒரு போராட்டப் பொருளாக்கினர். ஆகவே நிற்றல் என்பது வெறும் உடல்நிலையன்று, நிலவுடைமைச் சமூகம் தன் கலைத்தொழிலாளருக்கு விதித்த இடம்.

இவ்வாறு விதிக்கப்பட்ட நிலையிலிருந்து பிறந்த இசை யாது? எமது எளிய விளக்கங்கள் தோற்பது இங்கேயே. நிற்பவனுக்கு ஆழமில்லையெனில், கருநாடக இசையின் மிக விரிந்த இராக ஆலாபனை மரபு நின்றும் நடந்தும் வாசித்தவர்களிடம் வளர்ந்தது எங்ஙனம்? சுவாமி புறப்படுகையில் கம்பீரநாட்டையில் மல்லாரி. பின்னர் வீதியின் ஒவ்வொரு முடக்கிலும் நின்று நின்று, இரவு முழுதும் நீளும் ஆலாபனை. பாட்டுக்கச்சேரி இரண்டரை மணி நேரத்திற் சுருங்கியபோது, வெளிவீதி விடியும்வரை இடம் தந்தது. கோயிலின் காலம் அவர்களுக்கு நீண்ட காலமாக இருந்தது. நடையின் மெதுவே காலப்பிரமாணமாயிற்று. ஜி. என். பாலசுப்பிரமணியம், செம்மங்குடி சீனிவாச ஐயர் போன்ற பாடகர்கள் நாதஸ்வரத்தின் ஆலாபனைப் போக்கினின்று பெற்றவை பல என்பது இசையுலகில் யாவரும் ஏற்கும் செய்தி. இருந்தவர்கள் நின்றவர்களிடம் கற்றனர்; ஆயினும் புகழுரை இருந்தவர்களுக்கே பெரிதுங் கிடைத்தது.

திருவாவடுதுறை ரி. என். இராசரத்தினம்பிள்ளையின் (1898-1956) முக்கியத்துவத்தை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும். உயர்ந்த சுருதியுடைய திமிரியை விடுத்து நீண்ட பாரி நாயனத்தைக் கைக்கொண்டதும், ஒத்துக்குப் பதிலாகத் தம்பூராவைச் சேர்த்துக்கொண்டதும், மேடையில் அமர்ந்து பாடகருக்குச் சமமாக வாசிக்கும் உரிமையை வற்புறுத்தியதும் ஒரே செயலின் வெவ்வேறு கூறுகள். தாழ்ந்த சுருதி மூச்சின் அழுத்தத்தைத் தளர்த்தி, வாய்ப்பாட்டுக்கு நெருங்கிய குழைவினைத் தந்தது. அமர்ந்த உடல் அக்குழைவுக்கு இடமளித்தது. 1947 ஓகஸ்ற் மாதத்து இந்திய சுதந்திர வைபவத்தில் அவரது நாதஸ்வரம் ஒலித்தது.

செகோவியாவை அவரோடு ஒப்பிடத் தோன்றும். இருவரும் தாழ்வாகக் கருதப்பட்ட ஒரு வாத்தியத்தைக் கச்சேரியின் இருக்கைக்கு உயர்த்தினர். ஆனால் ஒப்புமை அத்துடன் முடிகிறது. செகோவியா கிற்றாரை அதனை வளர்த்த மக்களிடமிருந்து பிரித்தெடுத்தார். இராசரத்தினம்பிள்ளையோ அவ்வாத்தியத்தை வளர்த்த சாதியினுள்ளிருந்து எழுந்து, தம்மவரின் உடலுக்கே ஆசனம் கோரினார். முன்னையது வாத்தியத்தின் விடுதலை. பின்னையது வாத்தியக்காரரின் விடுதலை. இவ்வேறுபாட்டினைக் காணாத அழகியல், இருவரையும் ‘மேதைகள்’ என்று கூறி அமைந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் இதன் வளர்ச்சி வேறொரு வடிவம் கொண்டது. கோயில் திருவிழாக்களில் ஒன்றுக்கு மேற்பட்ட மேளக் கோஷ்டிகள் மேடையில் அமர்ந்து இரவிரவாக வாசிக்கும் மேளச்சமா, சபாக் கச்சேரியுமன்று, வீதியுலாவுமன்று. கலைஞர் அமர்ந்திருந்தனர், ஆனால் கேட்போரும் மணலில் அமர்ந்திருந்தனர், நுழைவுச்சீட்டு இல்லை. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரமும், தவில் மேதை வி. தட்சணாமூர்த்தியின் (1933-1975) வாசிப்பும் அச்சூழலில் செழித்தன. தோளின் பாரம் நீங்கித் தவில் நிலத்திற் கிடந்தபோது, கணக்கின் நுட்பங்கள் விரல்களுக்கு எட்டின. ஆயினும் அம்முழக்கத்தின் வீறு நடந்து பயின்ற வீறு. மேடையேறிய பின்னும் அவ்வாசிப்பில் வீதி இருந்தது.

இவ்விடத்தில் எம்மவர் செய்யக்கூடிய ஒரு பிழையைச் சுட்டுதல் அவசியம். நிற்றல் அடிமைத்தனம், இருத்தல் விடுதலை என்று சூத்திரம் வகுத்துவிட்டால், பழைய மேட்டிமைத் தீர்ப்பையே சிவப்பு மையினால் எழுதியவராவோம். அடித்தளம் கலைஞரின் உடலுக்கு இடம் வகுக்கிறது. அவ்விடத்தில் நின்று அவர் எதனைப் படைப்பார் என்பதை அது முன்கூட்டி எழுதிவிடுவதில்லை. வற்புறுத்தப்பட்ட நிலையையே வெளிப்பாட்டின் வாய்ப்பாக மாற்றியமைதான் நாதஸ்வர மரபின் சாதனை. அதனைக் கூறுவது அவ்வற்புறுத்தலை நியாயப்படுத்துவதாகாது. மதுரை பொன்னுத்தாய் போன்ற பெண்கள் நாதஸ்வரத்தைக் கையிலெடுத்தபோது சமூகம் கொண்ட வியப்பினையும் இங்கு கருதவேண்டும். மூச்சும் தோளும் ஆணுக்கே உரியவை என்ற எண்ணம் மேற்கிலும் இருந்தது. செலோ வாசித்த பெண்கள் நெடுங்காலம் கால்களை ஒருபுறமாக ஒதுக்கி அமர நேர்ந்தது. அது தனியே ஆராயப்படவேண்டிய விடயம்.

கொழும்பிலே கிற்றாருக்கு வேறொரு வரலாறும் உண்டு. போர்த்துக்கேயர் வழிவந்த பைலா மரபிலும், கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கரின் கொண்டாட்டங்களிலும் அது கால்மணையை அறியாத வாத்தியம். 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் தமிழ்ப் பொப்பிசைப் பாடல்கள் வானொலியிலும் மேடையிலும் பரவியபோது, கிற்றாரைத் தோளில் வார்போட்டுத் தொங்கவிட்டு நின்று பாடும் தமிழ் இளைஞனின் உருவம் எமக்கு அறிமுகமாயிற்று. அவ்விசையைப் பண்டிதர் கேலியென்றனர். முற்போக்காளருட் பலர் சீரழிவென்றனர். யாழ்ப்பாணத்துப் பேச்சோசை அப்பாடல்களில் எவ்வளவு இயல்பாக நின்றது என்பதை இரு சாராரும் கவனிக்கவில்லை. பாடுபவர் கேட்போரின் முகத்தைப் பார்த்து நின்றார். பாட்டும் அவ்வாறே முகம்பார்த்துப் பேசிற்று. தவிலின் நாடாவுக்கும் இந்தக் கிற்றார் வாருக்கும் உள்ள உறவை யாரேனும் ஆய்வுப் பொருளாகக் கொள்ளலாம்.

இதற்கு நேரெதிராக, 1980களில் சுகுமார் பிரசாத்தும் அவருக்குப் பின் பிரசன்னாவும் கிற்றாரில் கருநாடக இசையை வாசித்தனர். பிரசன்னா கருநாடகக் கச்சேரியில் நிலத்திற் சம்மணமிட்டு அமர்கிறார். மின்கிற்றாரின் மெட்டுக்கள் நிலையானவை. ஆதலின் வயலினில் விரல் வழுக்கிப் பெற்றதை இங்கே தந்தியை இழுத்தும் வளைத்தும் பெறவேண்டியுள்ளது. மின்சாரம் ஒலியை நீட்டிக் கொடுக்கிறது. சுருதியும் கமகமும் இத்தகைய நுட்பத்தாற் கிட்டும் என்றால், நிலத்தில் அமர்தல் எதற்கு என்ற வினா எழும். கதிரையிலிருந்தும் அவ்விசையை வாசித்தல் இயலாததன்று. மாண்டலின் யு. சீனிவாசைப் (1969-2014) போலவே, அந்நிய வாத்தியம் அம்மேடையில் ஏற்றுக்கொள்ளப்படுவதற்குச் செலுத்தும் வரியாக அவ்விருக்கை அமைகிறது என்பது எமது துணிபு. வயலினுக்கு உற்பத்தித் தேவையாய் இருந்தது இங்கே பண்பாட்டுச் சான்றிதழாகிவிட்டது. இதனால் அக்கலைஞரின் திறமை குறைபடாது.

தொடக்கத்திற் கூறிய திருமண மண்டபத்துக்கு மீள்வோம். அங்கே நாதஸ்வரக்காரர் இருந்தே வாசிக்கிறார். ஆயின் விருந்தினர் யாவரும் கதிரைகளில் உள்ளனர். நிலத்தில் இருப்பவர் அவரும் அவரது குழுவினருமே. சபை மேடையில் அவரை உயர்த்திய அதே சம்மணம் இங்கே அவரைப் பார்வையின் கீழே கொண்டுசெல்கிறது. ஒலிபெருக்கி அவரது வாசிப்பை மண்டபமெங்கும் கொண்டுசெல்ல, அதற்குமேல் உரத்துக் கதைக்கப் பழகியவர்கள் கதைத்துக்கொண்டிருப்பர். கல்யாணியில் ஆலாபனையைத் தொடங்கியிருப்பார். அது காந்தாரத்தைச் சுற்றி மெல்ல விரியத் தொடங்குகையில், தாலிகட்டும் நேரமாயிற்று என்று யாரோ விரலசைப்பர். உடனே கெட்டிமேளம். முறிந்த அவ்விராகத்தை அவர் பின்னர் எடுப்பதில்லை. அடுத்த சைகைக்காக அவரது கழுத்து மணவறைப் பக்கமாகவே திரும்பியிருக்கும். கண் குருக்களின் கையில் இருக்கும்.